சின்னக் கார் கம்பெனி எப்படி ஓடும்? சிசிடாலியாவை வைத்து ஒரு விளக்கம்

பம்பாயில் பல்லாண்டு டாக்சியாக ஓடிய பிரீமியர் பத்மினியைத் தெரியாதவர்கள் குறைவு. நம் ஊரில் அதை 'ஃபியட் கார்' என்றே சொல்லிப் பழக்கம். அதன் எஞ்சின் 1089 சிசி. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர். இதே 68, 75 அளவில்தான் 1937-இல் இத்தாலியில் வந்த ஃபியட் 1100-இன் எஞ்சினும் இருந்தது. பத்மினியினுடையது அந்தப் பரம்பரையில் வந்தது. பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் குடும்பத்தை ஏற்றிப்போவதற்காகச் செய்த சாதுவான எஞ்சின், அந்த முதல் ஃபியட் 1100-இல் 30 சொச்சம் குதிரைத்திறன்தான் தந்தது. அதே ஃபியட் 1100 எஞ்சினை வைத்துக்கொண்டு 1947-இல் இத்தாலியின் மிகப்பெரிய சாலைப் பந்தயத்தை ஒரு கார் கிட்டத்தட்ட ஜெயித்தேவிட்டது. காரின் பெயரும் கம்பெனியின் பெயரும் ஒன்றுதான்: சிசிடாலியா.

ஃபெராரி, லம்போர்கினி பெயர்களைக் கேட்டு இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு கேள்வி சீக்கிரமே எழும். ஐம்பது, நூறு கார் மட்டுமே செய்கிற கம்பெனி எப்படிப் பிழைக்கும்? எஞ்சின் செய்ய வார்ப்பு ஆலை வேண்டும், கியர் வெட்ட விலை உயர்ந்த இயந்திரம் வேண்டும், கதவை அழுத்தி எடுக்க ராட்சத பிரஸ் வேண்டும். இத்தனைக்கும் போட்ட முதலை ஐம்பது கார் விற்று எடுக்க முடியுமா? முடியாது. அதனால் சின்னக் கம்பெனிகள் அந்த வழியில் போவதே இல்லை. அவை வேறு ஒரு கணக்கில் ஓடுகின்றன. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள சிசிடாலியாவைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் கணக்குப்படி நடந்தவரை கம்பெனி ஜெயித்தது. அதை மீறிய இரண்டே வருடத்தில் கைமீறிப் போனது.

கணக்கு இதுதான். கல்யாணச் சமையல்காரர் நெல் விதைப்பதில்லை, பருப்பு உடைப்பதில்லை, அண்டாகூட பெரும்பாலும் வாடகைக்கு. ஆனால் அந்தச் சாம்பாரின் ருசி அவருடையது, பந்தியில் பேர் வாங்குவதும் அவர்தான். சின்னக் கார் கம்பெனியும் எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு, பிரேக் என்று செய்வதற்குச் செலவு பிடிக்கிற எல்லாவற்றையும் பெரிய கம்பெனியிடமிருந்து வாங்கிவிடும். எஞ்சினைப் பிரித்து, மெருகேற்றி, கூடுதல் சக்தி வாங்கும். சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தை மட்டும் தன் பட்டறையில் தானே செய்யும். மேலே போர்த்துகிற பாடியை, அதையே தொழிலாக வைத்திருக்கும் இன்னொரு பட்டறையிடம் ஒப்படைக்கும். மூன்றும் சேர்ந்தால் கார். முதலீடு பெரும்பாலும் மூளையும் கைவேலையும்தான்.

போருக்குப் பிந்தைய இத்தாலியில் இதற்கு எல்லாம் தோதாக அமைந்தன. டூரின் நகரத்தில் ஃபியட் இருந்தது. அதன் பாகங்கள் எளிதில் கிடைத்தன. தகடு அடிப்பதில் தலைமுறை அனுபவம் உள்ள பட்டறைகள் அதே ஊரில் தெருவுக்குத் தெரு இருந்தன. விமான ஆலைகளில் வேலை பார்த்துவிட்டு, போர் முடிந்ததும் கை சும்மா இருந்த பொறியாளர்களும் இருந்தார்கள். இன்னொரு வசதி, பந்தய விதி. பந்தயங்களை எஞ்சின் கொள்ளளவுப்படி பிரிப்பார்கள்; அதில் 1100 சிசி வரை ஒரு பிரிவு. ஃபியட் எஞ்சினோ 1089. பிரிவின் உச்சவரம்புக்கு 11 சிசி கீழே, அளவெடுத்துத் தைத்த மாதிரி. சியாட்டா, மொரெட்டி, ஸ்டாங்குவெல்லினி, நார்டி, பண்டினி என்று அந்தக் காலத்தில் கார் செய்த சின்னக் கம்பெனிகளின் கதையைத் தோண்டினால் எங்காவது ஒரு ஃபியட் பாகம் தட்டுப்படும்.

துணி வியாபாரியின் ஆசை

சிசிடாலியாவைத் தொடங்கிய பியெரோ டூசியோ கார்க்காரரே அல்ல. இளமையில் யுவென்டஸ் அணிக்குக் கால்பந்து ஆடியவர்; முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தை விட்டார். பிறகு துணி வியாபாரத்தில் இறங்கிப் பெரும் பணம் சேர்த்தார். ராணுவத்துக்குச் சீருடைத் துணி கொடுத்தது அதில் முக்கியமான வரவு. 1940-களில் அதே யுவென்டஸுக்குத் தலைவராகவும் வந்தார். இதற்கு நடுவே தானே பந்தயக் காரும் ஓட்டினார். சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. போருக்கு முன் இத்தாலியின் பெரிய பந்தயங்களில் கலந்துகொண்டு ஓட்டியவர். அவருடைய தொழில்களில் ஒன்று சைக்கிள் உற்பத்தி. இந்தச் சைக்கிளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

போர் முடிகிற தறுவாயிலேயே டூசியோ அடுத்து என்ன என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். சண்டை ஓய்ந்தால் மக்கள் மறுபடி பந்தயம் பார்க்க வருவார்கள், ஆனால் யாரிடமும் புதிய கார் இருக்காது. மலிவான, சின்ன, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வரிசையாகச் செய்து விற்றால் என்ன? இதற்காக அவர் பிடித்த ஆள் தாந்தே ஜாகோசா. ஃபியட்டின் தலைசிறந்த வடிவமைப்பாளர். 'டோப்பொலீனோ' என்று செல்லமாக அழைக்கப்பட்ட குட்டி ஃபியட் 500-ஐ உருவாக்கியவர். குண்டுவீச்சில் ஃபியட் ஆலைகள் அடிபட்டுக் கிடந்த காலம் அது. பகலில் ஃபியட் வேலை, மிச்ச நேரத்தில் டூசியோவின் மாளிகையில் பந்தயக் கார் வரைபடம் என்று ஜாகோசா வேலை பார்த்தார். ஃபியட் பாகங்களில் எது எதோடு பொருந்தும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை, ஏனென்றால் பாதிக்குமேல் அவர் வரைந்ததே. பெரிய கம்பெனியின் பாகத்தை வாங்குவது ஒரு வசதி என்றால், அதைச் செய்த மூளையே கூட வருவது பெரும் அதிர்ஷ்டம்.

முக்கோணத்தின் வேலை

இப்படிப் பிறந்ததுதான் டி46. எஞ்சின் ஃபியட் 1100, முன்பக்க சஸ்பென்ஷன் ஃபியட் 500. புதிதாகச் செய்தது சட்டம்தான். அதில்தான் வித்தையும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அந்தக் கால கார்களின் சேசிஸ் பெரும்பாலும் ஏணி வடிவம். இரண்டு கனமான இரும்புச் சட்டங்கள் நீளவாக்கில் போகும், குறுக்கே நாலைந்து சட்டங்கள் இணைக்கும். செய்வதற்குச் சுலபம். ஆனால் முறுக்கினால் வளையும். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சட்டம் முழுக்கத் திருகும். திருகாமல் இருக்க வேண்டுமானால் இரும்பைத் தடிமனாக்க வேண்டும், தடிமனானால் எடை ஏறும், எடை ஏறினால் வேகம் போச்சு.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நான்கு குச்சிகளைச் சதுரமாக வைத்து மூலைகளில் ஆணி அடியுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்ந்து கோணலாகிவிடும். இப்போது மூலைக்கு மூலை குறுக்காக ஐந்தாவது குச்சியைப் போடுங்கள். இரண்டு முக்கோணங்கள் உண்டாகும். இனி எவ்வளவு தள்ளினாலும் அசையாது. குச்சியை ஒடித்தால்தான் உண்டு. முக்கோணத்தில் ஒவ்வொரு குச்சியும் இழுபடும் அல்லது அழுத்தப்படும், வளைவதில்லை. மெல்லிய குழாய்கூட இழுவையையும் அழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும். வளைவைத்தான் அதற்குத் தாங்கத் தெரியாது. ஆகவே மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து ஒரு கூண்டு கட்டினால் எடை குறைவாகவும் உறுதி அதிகமாகவும் ஒரு சட்டம் கிடைக்கும்.

அப்படிப்பட்ட குழாய் டூசியோவிடம் ஏற்கெனவே இருந்தது. நல்ல சைக்கிள் சட்டம் செய்யப் பயன்படும் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய். மெல்லியது, ஆனால் வலுவானது. அதை வெட்டவும் ஒட்டவும் தெரிந்த தொழிலாளர்களும் சைக்கிள் ஆலையில் இருந்தார்கள். குழாய்ச் சட்டம் உலகத்துக்கே புதுசு என்று சொல்ல முடியாது, விமானங்களில் முன்பே உண்டு. ஆனால் விற்பனைக்கென்று வரிசையாகச் செய்யும் பந்தயக் காரில் அதைக் கொண்டுவந்தவர்களில் சிசிடாலியா முன்னோடி.

பலனை எண்ணில் பார்த்தால் விளங்கும். சாதாரண ஃபியட் 1100 குடும்பக் காரின் எடை 850 கிலோவை ஒட்டி வரும், சக்தி 32 குதிரைத்திறன். டி46 எடை 400 கிலோவுக்கும் கீழே. எஞ்சினை மெருகேற்றி 60 குதிரைத்திறனை ஒட்டி எடுத்தார்கள். ஒரு குதிரைத்திறன் இழுக்கவேண்டிய எடை குடும்பக் காரில் 26 கிலோவுக்கு மேல், டி46-இல் ஆறேழு கிலோ. சக்தியை இரண்டு மடங்குகூட ஆக்கவில்லை. எடையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்ததுதான் மீதியைச் செய்தது. எடை குறைந்தால் பிரேக் பிடிப்பதும் சுலபம், வளைவில் திரும்புவதும் சுலபம், டயரும் சீக்கிரம் தேயாது. சின்னக் கம்பெனிக்கு எடைதான் மலிவாகக் கைக்கு எட்டுகிற ஆயுதம். சக்தியைக் கூட்ட வார்ப்பு ஆலை வேண்டும், எடையைக் குறைக்க ரம்பமும் யோசனையும் போதும்.

1946 செப்டம்பர் 3-ஆம் தேதி டூரின் வாலெண்டினோ பூங்காவில் நடந்த கோப்பா ப்ரெட்சி பந்தயத்தில் ஏழு டி46 கார்கள் களம் இறங்கின. முதல் மூன்று இடங்களும் சிசிடாலியாவுக்கு. முதலாவதாக வந்தவர் யார் தெரியுமா? முதலாளி டூசியோவேதான். ஆனால் அன்று கூட்டம் பேசியது வேறு ஒருவரைப் பற்றி. தாட்சியோ நுவோலாரி. போருக்கு முந்தைய பந்தய உலகின் மாபெரும் ஓட்டுநர், அப்போது 53 வயது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் காரின் ஸ்டீயரிங் சக்கரம் கையோடு கழன்று வந்துவிட்டது. மனிதர் நிறுத்தவில்லை. கழன்ற சக்கரத்தை ஒரு கையில் உயர்த்தி ஆட்டிக் காட்டிக்கொண்டே, மறு கையால் ஸ்டீயரிங் தண்டைப் பிடித்து காரை ஓட்டிவந்தார். புதுக் கம்பெனியின் காரில் இப்படி ஒரு பழுது அவமானம்தான். ஆனால் அதைச் சந்தித்தவர் நுவோலாரி என்பதால் அதுவே விளம்பரமாகிவிட்டது.

தட்டி எடுத்த உடம்பு

ஜாகோசா ஃபியட் வேலைக்கே முழுநேரமாகத் திரும்பியதும், அந்த இடத்துக்கு ஜொவான்னி சவோனுட்சி வந்தார். காற்றியக்கம் படித்தவர். அவர் கண்ணில் பட்டது எடை அல்ல, காற்று. காரின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையைத் தள்ளிக்கொண்டு ஓடத் தேவையான சக்தி எட்டு மடங்கு. 50, 60 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு வேகமாகப் போக வேண்டுமென்றால் காற்றோடு சண்டை போடாத உருவம் வேண்டும்.

இரண்டு பேர் உட்காரும் சாலைக் கார், மாடல் 202, இந்த யோசனையில் வந்தது. பாடி செய்யும் பொறுப்பு பினின் ஃபரீனாவின் பட்டறைக்குப் போனது. 1947-இல் கார் வெளியே வந்தபோது பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். இன்றைக்குப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஆச்சரியம் சட்டென்று விளங்காது, ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் அதன் சாயலில்தான் இருக்கின்றன. விளங்க வேண்டுமானால் 1930-களின் கார் ஒன்றின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய காரில் நடுவில் உயரமான பானெட், அதற்கு இருபுறமும் தனித்தனியாக ஒட்டிவைத்த மட்கார்டுகள், துருத்திக்கொண்டிருக்கும் ஹெட்லைட், கதவுக்குக் கீழே கால் வைத்து ஏற ஒரு படி. எல்லாம் தனித்தனிப் பாகங்கள், சேர்த்துவைத்திருக்கிறார்கள் என்று தெரியும். 202-இல் அந்தப் பிரிவினையே இல்லை. பானெட், மட்கார்டு, கதவு, பின்பக்கம் எல்லாம் ஒரே தோலாக ஓடுகின்றன. ஹெட்லைட் மட்கார்டுக்குள் அடங்கிவிட்டது. முக்கியமாக ஒன்று கவனியுங்கள்: பானெட் இருபுற மட்கார்டுகளின் முதுகைவிடத் தாழ்ந்து இறங்குகிறது. அதற்கு முன் பானெட்தான் உயரம், மட்கார்டுதான் தாழ்வு. இந்த ஒரு தலைகீழ் மாற்றம் காரின் முகத்தையே மாற்றிவிட்டது.

இதைச் செய்த விதம்தான் நம் விளக்கத்துக்கு முக்கியம். பெரிய ஆலையில் இத்தனை வளைவுள்ள தகட்டை அழுத்தி எடுக்க அச்சு செய்தாக வேண்டும், அதற்கே ஒரு சொத்து செலவாகும். பாடி பட்டறையில் அச்சு கிடையாது. காரின் உருவத்தை மரத்தில் செய்து வைத்துக்கொள்வார்கள். அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டி, மரத்தின் மேல் பொருத்திப் பார்த்து, எங்கே இடிக்கிறதோ அங்கே மறுபடி தட்டி, துண்டு துண்டாகச் செய்து பற்றவைத்து, ஒட்டின தடம் தெரியாமல் ராவி எடுப்பார்கள். நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் நசுங்கின கதவை நிமிர்த்துகிறவரின் அதே தொழில், கலையாக வளர்ந்த நிலை. நேரம் அதிகம் பிடிக்கும், முதலீடு குறைவு. ஒரு காரின் கதவு இன்னொரு காருக்கு அப்படியே பொருந்திவிடும் என்று உத்தரவாதம் சொல்ல முடியாது. எல்லா வகையும் சேர்த்து 202 மொத்தம் 170-ஐ ஒட்டித்தான் செய்யப்பட்டது. எல்லாவற்றுக்கும் ஃபரீனாவே பாடி கட்டவில்லை, வின்யாலே போன்ற மற்றப் பட்டறைகளும் சிலவற்றைச் செய்தன.

சாதாரண ஃபியட் 1100 மணிக்கு 110 கிலோமீட்டர் ஓடும். அதே கொள்ளளவு எஞ்சின் உள்ள 202 மணிக்கு 160 கிலோமீட்டரை ஒட்டி ஓடியது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-இல் எட்டே எட்டு கார்களைக் கலைப்பொருளாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. பென்ட்லி, மெர்சிடிஸ், லிங்கன் கான்டினென்டல், ஏன், ராணுவ ஜீப்கூட இருந்த அந்த வரிசையில் 202-உம் ஒன்று. பிறகு 1972-இல் ஒரு 202-ஐ நிரந்தரச் சேகரிப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே இருக்கும் எஞ்சின் என்னவோ அதே ஃபியட்தான்.

மழை கெடுத்த வெற்றி

இந்த இடத்தில் மில்லே மிலியாவைச் சொல்லாமல் போக முடியாது. பிரெஷ்யாவில் கிளம்பி, ரோம் வரை இறங்கி, மறுபடி பிரெஷ்யாவுக்கே திரும்புகிற பந்தயம். பொதுச் சாலையில் 1800 கிலோமீட்டரை ஒட்டிய ஓட்டம்; ராத்திரி பகல் பாராமல் ஓட்ட வேண்டும். 1947 ஜூனில், போருக்குப் பிறகு முதல் தடவையாக நடந்தது. நுவோலாரி 202-இன் திறந்த மேற்புறப் பந்தய வடிவத்தில் கிளம்பினார். அப்போது அவருக்கு 54 வயது. இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவர். வருடக்கணக்கில் எஞ்சின் புகையைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. எதிரில் மூன்று லிட்டரை நெருங்கும் எஞ்சினுள்ள ஆல்ஃபா ரோமியோ, ஓட்டுபவர் கிளெமென்டே பியோண்டெட்டி. இவரிடம் இருந்ததோ அதில் பாதிகூட இல்லாத 1.1 லிட்டர்.

ஆனாலும் ரோமில் நுவோலாரிதான் முன்னால். வளைந்து வளைந்து போகும் மலைச் சாலையில் எடை குறைந்த காருக்கு அனுகூலம் அதிகம் என்பது உண்மைதான். இருந்தாலும் அதை இப்படி ஓட்டிக்காட்ட ஆள் வேண்டுமே. திரும்பும் வழியில் வட இத்தாலியில் பெருமழை பிடித்துக்கொண்டது. மேல்மூடி இல்லாத கார். தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கி, தீப்பொறி தருகிற மேக்னட்டோவை நனைத்துவிட்டது. வண்டி நின்றது. காயவைத்து மறுபடி கிளப்புவதற்குள் ஆல்ஃபா முந்திவிட்டது. முடிவில் 16 மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஓட்டத்தில் ஏறக்குறைய 16 நிமிட வித்தியாசத்தில் நுவோலாரி இரண்டாமிடம். மூன்றாவது, நான்காவது இடங்களிலும் சிசிடாலியாக்கள். அதற்கப்புறம் அந்தத் திறந்த காருக்கே 'நுவோலாரி ஸ்பைடர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஜெயித்தவரைவிட இரண்டாவதாக வந்தவரை ஊர் ஞாபகம் வைத்திருக்கும் அபூர்வங்களில் இது ஒன்று.

கணக்கு தவறிய இடம்

சரி, கார் நல்ல கார், பெயரும் வந்துவிட்டது. அப்புறம் ஏன் கவிழ்ந்தது?

முதல் சறுக்கல் சின்னது. எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரே மாதிரி டி46 கொடுத்து, ஊர் ஊராகப் போய் பந்தயம் நடத்தலாம் என்று டூசியோ ஒரு திட்டம் போட்டார். கார் ஒன்றே என்பதால் ஓட்டுகிறவரின் திறமை மட்டும் பேசும். இன்றைக்கு இந்த மாதிரிப் பந்தயம் உலகமெங்கும் நடக்கிறது. ஆள் காலத்துக்கு முந்தியவர். 1947 மார்ச்சில் கெய்ரோவில் முதல் பந்தயம் நடந்தது. பின்னாளில் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆகப்போகும் இளைஞர் ஆல்பெர்ட்டோ அஸ்காரி அதில் இரண்டாவதாக வந்தார். ஜெயித்தவர் ஃபிராங்கோ கோர்டேசே. ஆனால் அந்தச் சுற்றுப்பயணம் கெய்ரோவோடு நின்றது. இரண்டே மாதத்தில் கோர்டேசே வேறு ஒரு புதுக் கம்பெனியின் முதல் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். மே மாதம் ரோமில் அந்தக் காருக்கு முதல் வெற்றியையும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் புதுக் கம்பெனி ஃபெராரி.

இரண்டாவதுதான் பெரிய அடி. 1100 சிசி பிரிவில் ஜெயித்தது டூசியோவுக்குப் போதவில்லை. உச்சப் பிரிவான கிராண்ட் பிரீயில் ஆல்ஃபாவைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஆசை. அதற்குப் பொறியாளர் தேடியபோது கண்ணில் பட்டது போர்ஷே குடும்பம். ஃபெர்டினாண்ட் போர்ஷே அப்போது பிரான்ஸில் சிறையில் இருந்தார். மகன் ஃபெர்ரி ஆஸ்திரியாவின் க்மூண்ட் என்ற ஊரில் பழைய மர அறுவை ஆலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வியன்னாவில் பிறந்து இத்தாலிக்கு வந்துவிட்ட கார்லோ அபார்த்தும், பொறியாளர் ருடால்ஃப் ருஷ்காவும் இடையில் நின்று பேசி முடித்தார்கள். டூசியோ பணம் கொடுத்தார். பெரியவர் போர்ஷேயை வெளியே கொண்டுவரத் தேவைப்பட்ட பத்து லட்சம் பிராங்க் பிணைத்தொகைக்கு இந்தப் பணம்தான் கைகொடுத்தது. 1947 ஆகஸ்டில் அவர் விடுதலையானார்.

பதிலுக்கு வந்த வரைபடம், போர்ஷே 360, பிரமாதமான ஒன்று. விதிப்படி கிராண்ட் பிரீ காருக்கு இரண்டு வழி: சூப்பர்சார்ஜர் இல்லாமல் 4.5 லிட்டர், அல்லது சூப்பர்சார்ஜரோடு 1.5 லிட்டர். சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற பம்ப். காற்று கூடினால் எரிக்கும் பெட்ரோலும் கூடும், சக்தியும் கூடும். 360 இரண்டாவது வழி. படுக்கை வாட்டத்தில் 12 சிலிண்டர், அதுவும் ஓட்டுநருக்குப் பின்னால். நான்கு சக்கரத்துக்கும் சக்தி. வேண்டாத இடத்தில் முன்சக்கர இயக்கத்தை ஓட்டுநரே துண்டித்துக்கொள்ளலாம். கியர் மாற்றும் அமைப்பும் புதுமை. மற்ற எல்லோரும் எஞ்சினை முன்னால் வைத்து இரண்டு சக்கரத்தை இயக்கிக்கொண்டிருந்த காலம் அது. எஞ்சினைப் பின்னால் வைப்பதே ஜெயிக்கும் வழி என்று கிராண்ட் பிரீ உலகம் ஒப்புக்கொள்ள அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

ஆனால் இந்தக் காரில் ஃபியட் கடையில் வாங்கக்கூடிய பாகம் எது? ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வார்ப்பும், ஒவ்வொரு பல்சக்கரமும், ஒவ்வொரு தண்டும் புதிதாகச் செய்தாக வேண்டும். அதுவும் நூற்றுக்கணக்கில் அல்ல, ஓரிரு காருக்காக மட்டும். ஒரு வார்ப்பு சரியாக வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சின்னக் கம்பெனி எதைச் செய்யாததால் பிழைத்ததோ அதையே டூசியோ கையில் எடுத்தார். 202-இல் வந்த பணமும் துணியில் சேர்த்த பணமும் அந்த ஒரு காருக்குள் போய்க்கொண்டே இருந்தன. இதற்கிடையில் 202-இன் சந்தையும் இறுகியது. 1948-இல் இங்கிலாந்திலிருந்து ஜாகுவார் எக்ஸ்கே120 வந்தது, 3.4 லிட்டர், 160 குதிரைத்திறன். கையால் தட்டிய 202-ஐவிட விலையும் குறைவு. அழகுக்காக எவ்வளவு பேர் அதிகம் கொடுப்பார்கள்?

1949 தொடக்கத்தில் கம்பெனி கடனில் மூழ்கி நீதிமன்ற மேற்பார்வைக்குள் போனது. டூசியோ அர்ஜென்டினாவுக்குக் கிளம்பினார். அங்கே பெரோன் அரசு உள்நாட்டில் கார் செய்யும் தொழிலை வளர்க்க ஆசைப்பட்டது. அந்த ஆதரவில் ஆட்டோஆர் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 360-உம் அட்லாண்டிக் கடந்து போனது. ஆனால் எந்தக் கிராண்ட் பிரீயிலும் அது ஓடவில்லை. 1953-இல் புவனஸ் அயர்ஸுக்கு வெளியே ஒரு நெடுஞ்சாலையில் வேகச் சாதனைக்காக ஓட்டியபோது மணிக்கு 233 கிலோமீட்டர் எட்டியது, அவ்வளவுதான். இன்றைக்கு அது ஸ்டுட்கார்ட்டில் போர்ஷே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டூசியோவை முட்டாள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தேர்ந்தெடுத்த பொறியாளர்கள் எல்லோரும் சரியான ஆட்கள், வரைபடமும் தவறில்லை. தப்பான அளவுள்ள கம்பெனி அதைச் செய்யப்போனதுதான் பிரச்சினை. இதே 360-ஐ அன்றைக்கு ஆல்ஃபாவோ மெர்சிடிஸோ செய்திருந்தால் பந்தய வரலாறு வேறு மாதிரி போயிருக்கலாம்.

யார் யார் எங்கே போனார்கள்

இத்தாலியில் மிச்சம் இருந்ததை மகன் கார்லோ டூசியோ கொஞ்ச காலம் நடத்தினார். 1960-களில் வந்த கடைசி சிசிடாலியாக்கள் குட்டி ஃபியட் 600-இன் பாகங்களில் செய்தவை. பெரிய ஆசைகள் போனதும் கம்பெனி தன் பழைய வழிக்கே திரும்பிவிட்டது, ஆனால் அதற்குள் அந்த வழியில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

சவோனுட்சி பிறகு கியா (Ghia) என்ற இத்தாலியப் பாடி பட்டறையில் வடிவமைத்தார், அதன்பின் அமெரிக்காவில் கிறைஸ்லருக்குப் போய் டர்பைன் எஞ்சின் ஆராய்ச்சியில் வேலை பார்த்தார். க்மூண்டில் ஃபெர்ரி போர்ஷே 1948-இல் தன் சொந்தப் பெயரில் முதல் காரை ஓடவிட்டார். அந்த 356-உம் தொடக்கத்தில் ஃபோக்ஸ்வாகன் பாகங்களை வைத்துச் செய்த சின்னக் கம்பெனிக் கார்தான். டூசியோவின் முதல் வழியை அப்படியே கடைப்பிடித்தவர்கள் அவர்கள்.

சிசிடாலியாவின் பந்தயப் பிரிவைக் கவனித்துவந்த கார்லோ அபார்த்துக்குக் கம்பெனி பாக்கி வைத்திருந்தது. பணத்துக்குப் பதில் சில கார்களையும் பாகங்களையும் எடுத்துக்கொண்டு 1949 மார்ச்சில் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். தன் ராசி விருச்சிகம் என்பதால் சின்னமாகத் தேளை வைத்தார். 1950 ஏப்ரலில் பலேர்மோ அருகே மோண்டே பெல்லெக்ரீனோ மலையேற்றப் பந்தயத்தில் நுவோலாரி ஓட்டித் தன் பிரிவில் ஜெயித்தது இந்த அபார்த்தின் காரில்தான். அவர் ஓட்டிய கடைசிப் பந்தயம் அது. அபார்த் அகலக்கால் வைக்கவில்லை. ஃபியட் காரை வாங்கி வேகமாக்குவது, வேகமாக்க விரும்புகிறவர்களுக்கு சைலன்சர் விற்பது என்று இரண்டு தொழிலை வைத்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் நன்றாகவே ஓட்டினார். 1971-இல் கம்பெனியை ஃபியட்டுக்கே விற்றார். 2015-இல் ஃபியட் இந்தியாவில் அபார்த் புன்டோ என்று 145 குதிரைத்திறன் கொண்ட ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தது. பார்ப்பதற்கு ஏறக்குறைய சாதாரண புன்டோதான், ஆனால் முகப்பில் தேள். பழைய கார் சந்தையில் இப்போதும் எப்போதாவது ஒன்று கண்ணில் படும். வாங்க நினைத்தால் முதலில் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.